கிரீஸ் தடவாத இடம்

"அப்போ இது உடைஞ்சா சக்கரம் தனியா ஓடிடுமா அண்ணி?"

"தனியா ஓடாது. படுத்துக்கும்."

"படுத்துக்கும்னா?"

"நீ லீவு நாள்ல சோபாவுல படுப்பியே, அந்த மாதிரி. கையைக் காலைப் பரப்பிக்கிட்டு. அப்புறம் யார் தள்ளினாலும் நகராது."

கேட்டவள் நாத்தனார். இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த சிமென்ட் முற்றத்தில், கவிழ்த்துப் போட்ட ரொட்டிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, காரின் பழுதுபார்க்கும் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். பதில் சொன்ன அண்ணியின் பாதி உடம்பு அந்தச் சின்ன நீலக் காரின் முன்பக்கத்துக்குக் கீழே எங்கோ இருந்தது. வெளியே தெரிந்தவை மாவு படிந்த இரண்டு செருப்புகள்தான்.

அந்தச் செருப்புகளைப் பார்த்தே யாரென்று சொல்லிவிடுவார்கள். குடியிருப்பின் நாற்பது வீடுகளுக்கும் அவள் ரொட்டிக்காரி. பத்து வருஷமாகக் கடைத்தெரு பேக்கரியில் மாவு பிசைகிறாள். விடியும்போது போய், ஊர் சோம்பல் முறித்து முடிப்பதற்குள் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நாத்தனாருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஐந்து நடைமேடைகளிலும் கேட்பது அவள் குரல். ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று அவள் சொன்னால், யாரோ நேரில் வந்து கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டது போல இருக்குமாம். வீட்டில் உப்பு கேட்பதும் அதே குரலில்தான்.

சனிக்கிழமை காலை பத்தே முக்கால். மாலை நான்கு மணிக்கு வாகனப் பரிசோதனை நிலையத்தின் கதவை இறக்கிவிடுவார்கள். அதற்குள் இந்தக் கார் அங்கே போய் நின்றாக வேண்டும்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, அதே இடத்தில் இது தோற்றுப் போயிருந்தது. பரிசோதகர் பேச்சில் மகா கஞ்சன். ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, இடது முன்சக்கரத்துக்குக் கீழே நெம்புகோலைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். டொக் என்றது. இன்னொரு நெம்பு. டொக். 'இடது முன் கீழ் பால் ஜாயின்ட், தேய்மானம்' என்று எழுதி, அன்றையும் சேர்த்துப் பதினான்கு நாட்களுக்குள் சரிசெய்து வராவிட்டால் வண்டி சாலைக்கு வரக்கூடாது என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பதினான்காம் நாள் ஞாயிறு, விடுமுறை. ஆக மிச்சமிருந்தது இன்றைக்கு மட்டும்தான்.

கார் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று சாதாரண நாளில் அவளே சொல்லியிருப்பாள். ஆனால் போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. புதிதாகத் திறக்கும் பெரிய பேக்கரி. மூன்று அடுப்பு, நான்கு பேர், அவர்களுக்குத் தலைவியாக ஒருத்தி. என்ன ரொட்டி, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எப்போது அடுப்பில் போக வேண்டும், எல்லாம் அந்த ஒருத்தியின் சொல்தான். பத்து வருஷமாக இன்னொருவர் சொன்ன அளவுக்கு உப்புப் போட்டவளுக்கு அது என்ன மாதிரிச் செய்தி என்று சொல்லத் தேவையில்லை. அந்த வாரம் முழுக்க அவள் கனவில் ரொட்டிகள் தாமாக உப்பி, ஜன்னல் வழியாக வெளியே மிதந்து போய்க்கொண்டிருந்தன.

கடைக்கார அம்மாள் கேட்டது ஒரே கேள்வி. வேலை விடியற்காலை நான்கு மணிக்கு ஆரம்பம், முதல் பேருந்து ஐந்தே காலுக்கு, எப்படி வருவீர்கள் என்று. "கார் இருக்கு" என்று இவள் சொல்லிவிட்டாள். பரிசோதனையில் தோற்ற காரும் கார்தானே. அப்படியானால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் முடிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும் என்று அந்த அம்மாள் போனை வைத்தார்.

பட்டறைக்காரரிடம் போனாள். அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்றார். கெஞ்சிப் பார்த்தாள், வியாழன் ஆனது. பிறகுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று. பட்டறைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், ஆனால் மனசு கெட்டவர் இல்லையாதலால், தன்னுடைய டார்க் ஸ்பேனரைக் கொடுத்தார். புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை அதில் வைத்துத் திருகினால், போதுமான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும். "திங்கட்கிழமை திருப்பிக் குடுத்துடுங்க. எப்படியும் வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு இங்கதானே வருவீங்க" என்றார்.

புது ஜாயின்ட் ஓர் அட்டைப் பெட்டியில் நான்கு நாளாகச் சமையலறை அலமாரியில், மாவு டின்னுக்கும் சர்க்கரை டின்னுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. நாத்தனார் முதல் நாள் பெட்டியைப் படித்துவிட்டு, பால் ஜாயின்ட் என்றால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாமா என்று கேட்டாள். அண்ணி அதற்குச் சிரிக்கவில்லை. சிரிக்காததால் நாத்தனார் அதையே மூன்று நாளும் கேட்டாள்.

கணவனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். எறும்பு தூக்கிப் போகும் அளவுக்குச் சின்னத் திருகாணிகளை நாள் முழுக்கத் திருகுகிறவன். கடையில் அப்படித் தொட்டுத் தொட்டுத்தானோ என்னவோ, வீட்டில் எதையும் தொடமாட்டான். தொடாமல் இருந்தால் உடையாது என்பது அவன் வேதம். சொட்டும் குழாயைக்கூட, அது பாட்டுக்குச் சொட்டட்டும், திருகினால் கையோடு வந்துவிடும் என்பான். தங்கை அவனுக்கு வைத்த பெயர் 'தொடாதே'. பழைய பேக்கரியில் என்ன குறை என்று ஒரு வாரமாக அவன் மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் போட்டிருந்தால் இவளும் சத்தம் போட்டுத் தீர்த்திருப்பாள். அவன் பயந்து பேசினான். இருட்டில், ஆற்றுப் பாலத்தில், இந்த ஓட்டைக் காரில் நீ தனியாகப் போவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது என்றான். அதற்கு என்ன சண்டை போடுவது?

இப்போது அவன் இரண்டாம் மாடி ஜன்னலில் தேநீர்க் கோப்பையோடு நின்றான். தேநீர் ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

"சரி, படி" என்றாள் ரொட்டிக்காரி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து.

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒன்று. சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, வண்டியை உறுதியான தாங்கியின் மேல் நிறுத்தவும்."

நடைமேடைக் குரல் இரண்டு அடுக்குமாடிகளிலும் மோதித் திரும்பியது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த யாரோ தன் ரயில்தான் வந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். வண்டி ஏற்கெனவே இரும்பு ஸ்டாண்டின் மேல்தான் நின்றது. ரொட்டிக்காரி சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கையை வைத்து ஆட்டினாள். உள்ளே டொக் டொக் என்று ஆடியது. விழப்போகும் பல்லை நாக்கால் தள்ளுவது போல ஓர் ஆட்டம். தோள் மூட்டு மாதிரிதான் இதுவும் என்று நாத்தனாருக்கு விளக்கினாள். கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. அந்த உருண்டையைப் பிடித்துக்கொண்டுதான் சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும், இடமும் வலமும் திரும்பும். கிண்ணம் தேய்ந்துவிட்டால் உருண்டை தன் இஷ்டத்துக்கு ஆடும்.

சக்கர நட்டுகள் ஐந்து நிமிடத்தில் கழன்றன. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்க வைத்தாள். ஸ்டாண்ட் துரோகம் செய்தாலும் சக்கரம் செய்யாது என்று எங்கோ கேட்டிருந்தாள்.

உள்ளே எல்லாம் துரு. பதினைந்து மழைக்காலம் பார்த்த துரு. ஜாயின்ட்டிலிருந்து கிளம்பும் தண்டு, மேலே போகப் போக மெலியும் கூம்பு மாதிரி இருந்தது. அது சக்கரத்தைத் தாங்கும் தடித்த இரும்புக்குள் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. அதன் தலையில் கோட்டை மதில் போல வெட்டு வெட்டாக ஒரு நட். நட் கழன்றுவிடாமல் குறுக்கே செருகி மடக்கிய ஊசி. அந்த ஊசி துருவில் கரைந்து, தொட்டதும் பாதி உதிர்ந்தது. மீதியை இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காகப் பிடுங்கியதற்கே இருபது நிமிடம் ஆயிற்று.

நட் அதற்கும் மேல். ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தாள், காலால் மிதித்துப் பார்த்தாள். அப்போது தரைத்தளத்துக் குழாய்க்காரர் தன் வீட்டுக் கதவைத் திறந்து வந்து, ஒரு கை நீளமுள்ள இரும்புக் குழாயை அவளிடம் நீட்டினார். ஸ்பேனரின் கைப்பிடியில் குழாயைச் செருகினால் பிடி நீளமாகும், பலம் இரட்டிக்கும். அவர் அதைச் சொல்லக்கூட இல்லை. கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த முற்றத்தில் அன்றைக்கு அறிவுரை சொல்லாத ஒரே ஆள் அவர்தான். குழாயைச் செருகி இழுத்தாள். கிரீச்சென்று நட் அசைந்தது.

"நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு சுற்று மீதி விடவும்" என்று நடைமேடைக் குரல் வந்தது. "ஐந்து. கூம்பைப் பிரிக்கவும்."

"எப்படிப் பிரிக்கணும்னு போட்டிருக்கா?"

"சுத்தியலால் பக்கவாட்டில் தட்டவும்." நாத்தனார் தலையைத் தூக்கினாள். "தட்டவும்னுதான் அண்ணி போட்டிருக்கு."

தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து வருஷமாகக் கூம்பும் துளையும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு, இனி நாமிருவரும் ஒரே இரும்பு என்று முடிவுசெய்திருந்தன. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்றாள் நாத்தனார். அம்மி நகரும், இது நகராது என்றாள் ரொட்டிக்காரி. மணி பன்னிரண்டு. தோள்பட்டை எரிந்தது. ஆனால் தினமும் இருபது கிலோ மாவை அடித்துப் பிசைகிற தோள் அது. மாவிடமும் முதல் கால் மணி நேரம் யாரும் ஜெயிப்பதில்லை. கோபத்தில் அடித்தால் மாவு இன்னும் முறுக்கிக்கொள்ளும், ஒரே தாளத்தில் அடித்தால்தான் இளகும் என்பது அவளுக்குத் தெரியும். மூச்சை நிதானப்படுத்திக்கொண்டாள். துளையைச் சுற்றியிருந்த இரும்பின் பக்கவாட்டில், ஒரே இடத்தில், ஒரே கனத்தில் அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மேல் மாடிகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முப்பத்தோராவது அடிக்கு, துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கூம்பு விடுபட்டு, மீதியிருந்த நட்டில் தொங்கியது.

நாத்தனார் புத்தகத்தை மூடி எழுந்து நின்று, மிகவும் நிதானமாக, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. பதினைந்து வருடத் தாமதத்துக்குப் பிறகு, பழைய ஜாயின்ட் புறப்பட்டுவிட்டது" என்று அறிவித்தாள். இரண்டு மாடிகளிலிருந்து கைதட்டல் கேட்டது. இரண்டாம் மாடி ஜன்னலில் மட்டும் யாரும் இல்லை.

பழையதை, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை என்ற இரும்புத் தண்டோடு பிணைத்திருந்த மூன்று போல்ட்டுகளும் நல்ல பிள்ளைகளாக வந்துவிட்டன. கழற்றிக் கையில் எடுத்தபோது உருண்டை கிண்ணத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. இத்தனை சின்னதா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு பன் அளவுக்குக்கூட இல்லாத இது ஒரு வாரமாகத் தன்னை ஆற்றின் இந்தக் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

புதியதைக் கீழே மூன்று போல்ட்டுகளால் பூட்டினாள். கிளிக், கிளிக், கிளிக். கூம்பை மேலே ஏற்றும் நேரம் வந்தது. கூம்பு ஏறுவதற்கு இடம் வேண்டுமென்றால் கீழ்க் கையை அழுத்திப் பிடிக்க வேண்டும். குழாய்க்காரரின் குழாயை அதன் மேல் நெம்புகோலாகக் கொடுத்து, அதன் மறுநுனியில் நாத்தனாரை உட்காரச் சொன்னாள்.

"என் வெயிட்டுக்கு இன்னைக்குத்தான் ஒரு மரியாதை வந்திருக்கு" என்று நாத்தனார் புத்தகத்தோடு ஏறி உட்கார்ந்தாள்.

இங்கேதான் அது நடந்தது. தெரிந்து செய்யவில்லை. ரொட்டிக்காரியின் வலது கை, தானாக, கிரீஸ் டப்பாவுக்குப் போயிற்று. இரண்டு விரலில் எடுத்து, புதுக் கூம்பைச் சுற்றிலும் ஒரு தடவல். துளைக்குள்ளும் விரலை விட்டு ஒரு சுழற்றல். பத்து வருஷமாக ஒரு நாளைக்கு இருநூறு ரொட்டி அச்சுகளுக்கு வெண்ணெய் தடவும் கை அது. உள்ளே ஏதாவது போகப் போகிறதென்றால் முதலில் தடவு. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் அந்தக் கை அதைத்தான் செய்யும்.

கூம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. என்ன அழகு என்று நினைத்தாள். புது நட்டைப் போட்டுத் திருகினாள். நட் சுற்றியது. இன்னும் சுற்றியது. இறுக வேண்டிய இடம் வந்தும் சுற்றிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தாள். நட்டோடு சேர்ந்து கூம்பும் சுற்றிக்கொண்டிருந்தது. டார்க் ஸ்பேனரைப் போட்டாள். அது கிளிக் சொல்லவே இல்லை. இன்னும் வேகமாகத் திருகினாள். கூம்பு இன்னும் வேகமாகச் சுற்றியது. ஸ்பேனரை எடுத்தாள், மறுபடி போட்டாள். உள்ளே உருண்டை கிண்ணத்துக்குள் சுகமாகச் சுழன்றது.

தவறான பாகத்தை வாங்கிவிட்டேனோ என்று நினைத்தாள். மணி ஒன்றரை. உதிரிபாகக் கடை சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடும். நாத்தனாரைப் படிக்கச் சொன்னாள். அவள் ஏழாம் எண்ணைப் படித்தாள். கூம்பைத் துளையில் பொருத்தி நட்டை இறுக்கவும். எட்டாம் எண், ஊசி செருகவும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் நடுவில் ஒன்றும் இல்லை.

கணவன் கீழே இறங்கி வந்தது அப்போதுதான். காரைத் தொடாத தூரத்தில் நின்றான். கையில் அவளுடைய போன் இருந்தது.

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடு" என்றான். "அஞ்சு மணி வரைக்கும் அவங்களைக் காக்க வைக்கறது முறையில்ல. முயற்சி பண்ணிட்டல்ல, அது போதும்."

அவன் அதை இரக்கத்தோடுதான் சொன்னான். அதனாலேயே அது போய் ஆழமாகக் குத்தியது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினாள். விரல் முழுக்க கிரீஸ். கண்ணைத் தொட முடியாமல் கை அந்தரத்தில் நின்றது. இந்தக் கையை எங்கே துடைப்பது என்று அந்த விரல்களையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரொட்டி அச்சில் எதற்கு வெண்ணெய் தடவுகிறோம்?

ஒட்டக்கூடாது என்பதற்கு.

"இந்தப் புத்தகத்துல எண் போடாம ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நாத்தனார் பார்த்தாள். இருக்கிறது, ஏழாம் எண்ணுக்குக் கீழே கட்டம் கட்டி இரண்டு வரி இருக்கிறது என்றாள். ஏன் படிக்கவில்லை என்றால், கட்டத்துக்குள் இருப்பதைப் படிக்கக்கூடாதாம். ரயில் நிலையத் தாளில் கட்டத்துக்குள் எழுதியிருப்பது ஊழியர்களுக்கு மட்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு கட்டத்தை ஒலிபெருக்கியில் படித்துவிட்டு, ஓட்டுநர் இன்னும் தூங்கி எழவில்லை என்ற சேதி ஐந்து நடைமேடைக்கும் போய், அன்று வாங்கிய திட்டில் இன்றுவரை கட்டத்தைக் கண்டால் கண் தானாக அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறதாம்.

"இப்போ படி."

"எச்சரிக்கை" என்று நாத்தனார், முதல் முறையாகத் தன் சொந்தக் குரலில், மெதுவாகப் படித்தாள். "கூம்பும் துளையும் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்ணெயைத் தடவிக்கொண்டு மண்ணில் புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்று நாத்தனார் ஆரம்பித்தாள். ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. ரொட்டிக்காரிக்கும் வந்துவிட்டது. இருவரும் குழாயைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். போனோடு நின்ற கணவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"போனை வெச்சிருங்க" என்றாள் அவள் சிரிப்பு அடங்கியதும். "அஞ்சு மணிக்குத் தேவைப்படும்."

மறுபடி எல்லாம் இறங்கின. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கூம்பைத் துடைத்தாள். ஓர் உலர்ந்த துணி, அதற்குப் பிறகு இன்னொரு உலர்ந்த துணி. துளைக்குள் துணியைத் திரித்து விட்டு, வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுத்தாள். பத்து வருஷத்தில் முதல் முறையாக, ஓர் அச்சை ஒன்றும் தடவாமல் விட்டாள். வலது கை டப்பாவின் பக்கம் போகாமலிருக்க, டப்பாவையே நாத்தனாரின் மடிக்கு அனுப்பிவிட்டாள்.

கூம்பு இந்த முறை வழுக்கவில்லை. உரசிக்கொண்டு ஏறியது. கீழே ஜாக்கியை வைத்து மெல்ல உயர்த்தி, கூம்பைத் துளைக்குள் அழுத்திப் பிடித்தாள். நட்டைப் போட்டாள். அது சுற்றியது, பிறகு கனத்தது, பிறகு நின்றது. டார்க் ஸ்பேனரைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்தாள்.

கிளிக்.

மாவு சரியாகப் புளித்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியுமே, அதைப் போன்ற ஒரு நிச்சயம் அந்தச் சத்தத்தில் இருந்தது. மதில் வெட்டு ஊசித் துளைக்கு நேராக வரவில்லை. தளர்த்தி நேராக்கக்கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். அதுவும் இன்னொரு கட்டத்துக்குள்தான் எழுதியிருந்தது. நாத்தனார் இப்போது ஒரு கட்டத்தையும் விடுவதாக இல்லை. பக்கத்தின் அடியில் அச்சகத்தின் முகவரியைக்கூடப் படித்தாள். ஊசியைச் செருகி, இரண்டு காலையும் இரண்டு பக்கமாக மடக்கி, துருத்திக்கொண்டு நிற்காமல் தட்டிவிட்டாள். சக்கரம் ஏறியது. ஆட்டிப் பார்த்தாள். மலையை ஆட்டியது போல இருந்தது.

மணி மூன்று பத்து. கை கழுவ நேரமில்லை.

குடியிருப்பின் வாசலில் ஒரு வேகத்தடை உண்டு. இரண்டு மாதமாக அதில் ஏறும்போதெல்லாம் டொக் என்ற அந்தச் சத்தம் கேட்கும், இரண்டாம் மாடி வரை. அதை நெருங்கியபோது நாத்தனார் பேச்சை நிறுத்தினாள். முன்சக்கரங்கள் ஏறின. இறங்கின. எதுவும் கேட்கவில்லை. இருவரும் ஒரு நிமிடம் அந்த அமைதியைக் கேட்டார்கள். பிறகு ரொட்டிக்காரி பின்னோக்கி எடுத்து, நேரமில்லாத நேரத்தில், இன்னொரு தடவை ஏறி இறங்கினாள்.

பரிசோதனை நிலையத்தில் கதவைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்துதான் உள்ளே பார்க்க முடிந்தது. பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவை மறுபடி மேலே தள்ளினார். வண்டி உயர்ந்தது. அதே நெம்புகோல், அதே இடம். நெம்பினார். இன்னொரு கோணத்தில் நெம்பினார். தன் முழு எடையையும் போட்டு நெம்பினார். இரும்பு வாயைத் திறக்கவில்லை. விளக்கை உள்ளே காட்டி வெகுநேரம் பார்த்தார்.

"யாரு மாத்தினது?"

"நான்."

அவர் அவளுடைய கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கறுப்பு, நகக்கண்ணில் மட்டும் இன்னும் வெள்ளை மாவு. முத்திரையை எடுத்துக் குத்தினார். தாளை நீட்டும்போது, செலவைக் கணக்குப் பார்த்தவர் போலச் சற்று யோசித்துவிட்டு, "ஊசியை நல்லா மடக்கியிருக்கீங்க" என்றார்.

வெளியே வந்து சாலையோரம் நிறுத்தி, கடைக்கார அம்மாளை அழைத்தாள். மணி நான்கு ஐந்து. திங்கட்கிழமை நான்கு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள். எப்படி வருவீர்கள் என்று அந்த அம்மாள் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஆனாலும் இவள் சொன்னாள், கார் இருக்கிறது என்று. இந்த முறை அந்த வார்த்தை வாயை நிறைத்துக்கொண்டு வந்தது. பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக டார்க் ஸ்பேனரை நீட்டிக் கொடுத்தாள். வண்டி இழுத்து வரப்படாமல் தானே வந்திருப்பதைப் பட்டறைக்காரர் சுற்றிவந்து பார்த்தார். வியாழக்கிழமையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழி முழுக்க நாத்தனார், வரும் நிறுத்தங்களை எல்லாம் பெயர் சொல்லி அறிவித்துக்கொண்டு வந்தாள்.

வேகத்தடைக்கு இந்தப் பக்கம், வாசலிலேயே, கணவன் நின்றிருந்தான். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரோடு சேர்ந்து முற்றம் வரை நடந்து வந்தான். நாத்தனார் குழாயைத் திருப்பிக் கொடுக்கக் குழாய்க்காரர் வீட்டுக்குப் போனாள்.

ரொட்டிப் பெட்டியின் மேல் கிடந்த பழைய ஜாயின்ட்டை அவன் எடுத்தான். கறுப்பு ஒட்டும் என்று அவள் சொல்வதற்குள் எடுத்துவிட்டான். உள்ளங்கையில் வைத்து, கண்ணாடிச் சட்டத்தின் கீலைப் பார்ப்பது போலக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், இரண்டு விரலால் கூம்பை அப்படியும் இப்படியும் அசைத்தான். லொட லொட. இதனால்தானா என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டான். விரலில் கிரீஸ் படிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"வலது பக்கமும் இதே மாதிரி ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுக்கும் அதே வயசுதானே. அதுவும் தேயும்."

"தேயும். இன்னும் ஒரு வருஷம் தாங்கலாம்."

அவன் காரின் வலது பக்கம் சுற்றிப் போய், சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கையை நீட்டி டயரைத் தொட்டான். அது உடையவில்லை.

"அது தேயற வரைக்கும் காத்திருக்க வேணாம்" என்றான், அவளைப் பார்க்காமல். "அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. இதை நான் கழட்டிப் பாக்கட்டுமா? நீ பெட்டி மேல உக்காந்து படி. கட்டத்துக்குள்ள இருக்கறதையும் சேர்த்து."